கட்லாவுக்குக் காது குத்து

பெர்சிஸுக்கு மீன்வளத் துறையில் ஆய்வாளர் வேலை கிடைத்ததும் அவள் அம்மா ஜெயபுஷ்பம் திருப்பத்தூர் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள்.

"என் மகளுக்குக் கடல்ல வேலை கிடைச்சிருக்கு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

வேலை கிடைத்தது திமிரியில். அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்று பஸ் மாற வேண்டும். ஆனால் ஜெயபுஷ்பம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நல்ல செய்தியைச் சொல்லிவிட்டுப் பின்னால் திருத்தினால் கேட்டவர் உடம்புக்கு ஆகாது என்று நம்புகிறவள். அதனால் சொந்தக்காரர் கல்யாணங்களில் எல்லாம் பெர்சிஸைச் சுற்றிக்கொண்டு, "கப்பல்ல வாந்தி வருமா?" என்று கேட்டார்கள். பெர்சிஸ் முதலில் விளக்கிப் பார்த்தாள். அப்புறம் "கொஞ்சம் வரும்" என்று சொல்லப் பழகிக்கொண்டாள்.

அவள் பொறுப்பில் இருந்தவை ஏரிகள். அவற்றில் பெரியது அல்லித்தாங்கல் ஏரி. அந்த வருஷம் நல்ல மழை. ஏரி நிரம்பிக் கோடி போய், உபரித் தண்ணீர் ரோட்டில் ஓடி, பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு நாள் லீவு விட்டார்கள். துறை கட்லாவும் ரோகுவும் மிர்கலும் குஞ்சுகளாகக் கொண்டுவந்து ஏரியில் விடும். ஊர் மீனவர் சங்கம் வளர்த்துப் பிடித்து விற்கும். காலங்காலமாக அப்படித்தான். ஆனால் அந்த வருஷம் மேலிடத்திலிருந்து புதிதாக ஒரு உத்தரவு வந்தது. ஏரியில் எத்தனை மீன் இருக்கிறது என்று தெரியாமல் இனிமேல் யாரும் பெரிய வலை இறக்கக் கூடாது. இருப்பைத் தெரிந்துகொண்டு, அதில் பிடிப்பது இவ்வளவு, விட்டுவைப்பது இவ்வளவு என்று ஆய்வாளர் சொல்ல வேண்டும்.

சங்கத் தலைவர் கன்னியப்பனிடம் பெர்சிஸ் போய்க் கேட்டாள்.

"தலைவரே, ஏரியில மீன் எவ்ளோ இருக்கும்?"

கன்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். "இன்னாத்துக்குக் கேக்கறீங்க மேடம்? குஞ்சு குடுக்கறதுக்கா, வலை போடறதுக்கா?"

"ஏன், ரெண்டுக்கும் வேற வேற மீனா?"

"மீன் ஒண்ணுதான். குஞ்சு குடுக்கறதுக்குன்னா ஏரி காலி மேடம், ஒரு மீன் கெடையாது, கொக்கெல்லாம் பட்டினி. வலை போடறதுக்குன்னா கால வெக்க எடம் இல்ல."

"நெசமா எவ்ளோன்னு சொல்லுங்க."

"அது அந்த மீனுக்குத்தான் தெரியும்."

பெர்சிஸ் மீன்வளக் கல்லூரியில் படித்த வழி ஒன்று இருந்தது. கொஞ்சம் மீனைப் பிடித்து அடையாளம் கட்டித் திரும்ப ஏரியில் விடுவது. அவை மற்ற மீன்களோடு கலந்த பிறகு ஒருநாள் வலை போட்டு, வந்த மீனில் எத்தனைக்கு அடையாளம் இருக்கிறது என்று பார்ப்பது. அதிலிருந்து ஏரியின் மொத்த மீனையும் கணக்குப் போட்டுவிடலாம். இதை அவள் சங்கக் கட்டடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, ஒரு பை பொரியையும் ஒரு கை பொட்டுக்கடலையையும் வைத்துக்கொண்டு விளக்கினாள்.

"இந்தப் பொரியில ஒரு கை கடலை போட்டுக் கலக்கறேன். அப்புறம் கண்ண மூடிக்கிட்டு ஒரு பிடி அள்ளறேன். அதுல கடலை ஒண்ணு ரெண்டுதான் வந்தா, பொரி நெறைய இருக்குன்னு அர்த்தம். புரியுதா? மீனுக்கு மார்க் பண்ணி விடப்போறோம். திரும்ப வலை போடறப்ப எவ்ளோ மார்க் வருதுன்னு பார்த்துத்தான் அனுமதி."

கன்னியப்பனின் மனைவி சௌந்தரம் ஏரிக்கரையில் மீன் விற்பவள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் பைக்குள் கை விட்டாள்.

"யம்மா, பொரியில கடலைய போட்டா அவனவன் கடலையத்தான பொறுக்குவான்?"

பேச்சு முடிவதற்குள் பையில் பொரி மட்டும் மிஞ்சியிருந்தது. மீன் விஷயத்தில் அப்படி ஆகாது என்று பெர்சிஸ் உறுதி சொன்னாள்.

கன்னியப்பன் கடலையைத் தொடவில்லை. அவர் காதில் "மார்க்" என்கிற சொல் ஒன்றுதான் விழுந்திருந்தது. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் ஒரே ஒரு மார்க்கில் போனவர் அவர். அந்த ஒரு மார்க் வந்திருந்தால் தான் இந்நேரம் தாசில்தார் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும்.

அடையாள வில்லைகளுக்குப் பெர்சிஸ் எழுதிப் போட்டாள். வரவில்லை. அவளுடைய மேலதிகாரியான உதவி இயக்குநர் சூரியபிரகாஷ் போனில் சொன்னார்: "அதெல்லாம் வெளிநாட்டுலேருந்து வரணும்மா. நீங்க லோக்கல்லயே பார்த்து ஏதாவது செஞ்சுக்குங்க."

லோக்கலில் என்ன கிடைக்கும்? தோல் கிடைக்கும். பெர்சிஸ் ஆம்பூருக்குப் போனாள்.

தன்சீல் அகமது அங்கே ஒரு சந்தில் பர்ஸும் பெல்ட்டும் தைக்கிற சின்ன யூனிட் வைத்திருந்தார். வாடிக்கையாளர் சொல்வதைக் காட்டிலும் ஒருபடி மேலே செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. பெர்சிஸ் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு டேப்பை எடுத்தார்.

"ஜென்ட்ஸா, லேடீஸா மேடம்?"

"மீன், பாய்."

"மீன்னு தெரியும் மேடம். ஜென்ட்ஸ் மீனா, லேடீஸ் மீனா? லேடீஸ்னா கொஞ்சம் ஸ்லிம்மா போடலாம்."

"ரெண்டுக்கும் ஒரே மாதிரி போதும். தண்ணியில ஊறக் கூடாது, தூரத்துலேருந்து தெரியணும். அவ்வளவுதான்."

"பனியில நடக்கற பூட்ஸுக்குப் போற தோலு இருக்கு. ஒரு சொட்டு உள்ள போகாது. செர்ரி கலர். மீனுக்குக் கலர் புடிக்குமா?"

"கேட்டதில்ல பாய்."

ஒரு வாரத்தில் இருநூறு வில்லைகள் தயார். சுண்டுவிரல் நுனி அளவு, செர்ரி நிறம், ஓரத்தில் தையல், நடுவில் எண், பின்பக்கம் பெர்சிஸின் போன் நம்பர். வில்லையோடு மீனைப் பிடித்தவர்கள் தகவல் சொன்னால் ஏதாவது பரிசு தரலாமே என்று யோசனை சொன்னதும் தன்சீல்தான். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த பர்ஸுகள் அவரிடம் ஒரு மூட்டை இருந்தன. ஜிப் இடது பக்கம் திறக்க வேண்டியது, வலது பக்கம் திறக்கும். மற்றபடி ராஜா வீட்டுப் பர்ஸ். ஒவ்வொன்றின் மேலும் அவரே ஒரு மீன் படத்தை அச்சுக் குத்திக் கொடுத்தார். பழக்கதோஷத்தில் மீன் கொஞ்சம் ஷூ மாதிரி இருந்தது. கண் வைத்திருந்ததால் மீன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வில்லை கட்டும் நாளில் ஊரே கரைக்கு வந்துவிட்டது. முதுகுத் துடுப்பின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, நைலான் நூலில் வில்லையைக் கோத்து முடிச்சுப் போட வேண்டும். முதல் கட்லாவை ஈரச் சாக்கில் வைத்துப் பெர்சிஸ் ஊசியை எடுத்ததும் சௌந்தரம் தடுத்தாள்.

"இரும்மா. காது குத்தறப்ப தாய்மாமன் மடியில வெக்காம குத்துவாங்களா?"

கூட்டம் ஆமாம் என்றது. கட்லாவுக்குத் தாய்மாமன் யார் என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்து, சங்கத் தலைவர்தான் என்று முடிவாயிற்று. கன்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மடியில் மீன் வந்தது. துள்ளியது. அவர் முகத்தில் ரெண்டு அறை விட்டது. "மருமவளுக்குக் கோவம்" என்றாள் சௌந்தரம். யாரோ சர்க்கரை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். இருநூறு மீனுக்கும் இப்படியே நடந்து முடிந்தபோது கன்னியப்பனின் வேட்டியைத் தனியாகப் புதைக்க வேண்டியிருந்தது. பெர்சிஸுக்கு முடிச்சுப் போட்டே விரல் வீங்கிவிட்டது. ஆனால் சிவப்பு வில்லைகள் மின்ன மீன்கள் தண்ணீருக்குள் இறங்கிப் போவதைப் பார்க்கையில், கல்லூரியை விட்டு வந்ததிலிருந்து முதல்முறையாக, தான் படித்த வேலையைத்தான் செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

பெரிய வலைக்குத்தான் தடை, தூண்டிலுக்கு இல்லை. அதனால் முதல் போன் சீக்கிரமே வந்தது. கரையில் தூண்டில் போட்டவர் ஒருவர் மீனோடு வந்து நின்று பர்ஸை வாங்கிப் போனார். அடுத்த ஆளும் அப்படியே. பர்ஸின் படத்தை யாரோ வாட்ஸப்பில் போட்டார்கள்.

அதற்கப்புறம்தான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

"ஹலோ, மீன் மேடமா? கலவையிலேருந்து பேசறேன். உங்க டோக்கன் ஒண்ணு கெடச்சுது. பர்ஸு பிரவுன்ல இருக்குதா?"

"மேடம், வாணியம்பாடி. மார்க்கெட்ல மீன் வாங்கினேன், முதுகுல சிவப்பா இருந்துச்சு."

"ஆம்பூரு மேடம். வஞ்சிரத்துல இருந்துச்சு."

"வஞ்சிரமா? அது கடல் மீனாச்சே!"

"அதான் மேடம், எனக்கும் ஆச்சரியமா போய்ட்டுது."

ஒருவருக்கு நெத்திலியில் கிடைத்திருந்தது. நெத்திலி பெரிதா வில்லை பெரிதா என்று பெர்சிஸ் கேட்டாள். வில்லைதான் என்றார். ஒருவருக்குக் கருவாட்டில் கிடைத்திருந்தது. ஒரு பெரியவர் ஒளிக்காமல் உண்மையைச் சொன்னார்: "எனக்கு மீன் ஆவாதும்மா. கோழிக் கால்ல கட்டியிருக்கறேன். ஒரு பர்ஸு குடுத்தா நல்லாருக்கும்."

ஒரே எண் மூன்று ஊரிலிருந்து வந்தது. பெர்சிஸ் வந்து சேர்ந்த வில்லைகளை வாரி எடுத்துக்கொண்டு தன்சீலிடம் ஓடினாள். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்மளுது இல்ல மேடம். நம்மளுது மாட்டுத்தோலு. இது ஆடு." இன்னொன்றை எடுத்தார். முகம் வாடிவிட்டது. "இதுவும் நம்மளுது இல்ல. ஆனா தையல் நம்மளவிட நல்லா இருக்குது."

"பாய், நான் போலின்னு பேஜார்ல இருக்கறேன்!"

"நானும் அந்தப் பேஜார்லதான் மேடம் இருக்கறேன். யாரு இவன்? நம்ம யூனிட்டுக்கு வருவானா?"

தோல் வேலை தெரியாத வீடே இல்லாத ஊரில் தோல் வில்லை விட்டது தன் தப்பு என்று பெர்சிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. நேரே சூரியபிரகாஷிடம் போய் எல்லாம் போலி, இதை நிறுத்திவிடலாம் என்றாள்.

அவர் பதறிவிட்டார். "நிறுத்தறதா? டேட்டா கொட்டுதும்மா! நீங்க வாரா வாரம் அனுப்பறத அப்படியே நான் மேல அனுப்பறேன். தலைமை ஆபீஸ்லேருந்து இதுவரைக்கும் நம்மள கூப்பிட்டுத் திட்டறதுக்குக்கூட யாரும் போன் பண்ணதில்ல. நேத்து பாராட்டி போன் வந்துச்சு."

"என்னன்னு பாராட்டினாங்க சார்?"

"அது எனக்கும் சரியா வெளங்கல. சந்தோஷமா இருந்தாங்க."

விஷயம் மறுநாள் விளங்கியது. பெர்சிஸ் "தகவல் வந்த ஊர்" என்று எழுதி அனுப்பியதை, சூரியபிரகாஷின் அலுவலகத்தில் அழகுக்காக "மீன் சென்ற ஊர்" என்று மாற்றித் தட்டச்சு செய்திருந்தார்கள். தலைமை அலுவலகத்தில் டாக்டர் ஹேமந்த் என்கிற இளம் விஞ்ஞானி அதை வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்திருக்கிறார். அவரே பெர்சிஸுக்குப் போன் செய்தார்.

"மிஸ் பெர்சிஸ், நீங்க என்ன கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா? அல்லித்தாங்கல் கட்லா பாலாற்றை எதிர்த்து மேல போகுது. ஆம்பூர், வாணியம்பாடி. வலசை!"

"சார், பாலாத்துல தண்ணியே இல்ல சார். மழை வெள்ளம் வடிஞ்சு போச்சு, வெறும் மணல்."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அதுதான் ஆச்சரியமே."

"சார், அந்த மீன் பஸ்ல கூடப் போயிருக்கலாம்..."

"வெள்ளிக்கிழமை வர்றேன். பாதையை நேர்ல பார்க்கணும். சோதனை வலையையும் அன்னிக்கே போட்டுடலாம்."

அவளை மேலே பேச விடாமல் வைத்துவிட்டார். சூரியபிரகாஷ் உடனே கூப்பிட்டு, "எதையும் கெடுத்துடாதீங்கம்மா, அவர் போற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்று கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை தனக்கு மட்டும் திடீரென்று காய்ச்சல் வந்துவிடப்போவதாகவும் முன்கூட்டியே சொன்னார்.

ஹேமந்த் வந்தார். ஒல்லியாக, கண்ணாடியும் புதுக் கேமராவுமாக, குற்றம் சொல்ல முடியாத நல்ல மனிதராக இருந்தார். அதுதான் பெர்சிஸுக்கு வேதனையாக இருந்தது. ஏரிக்குப் போகுமுன் பாலாற்றைப் பார்க்க வேண்டும் என்றார். இரண்டு பேரும் மணலில் இறங்கி நடந்தார்கள். வெயில் கொளுத்தியது. ஒரு முள்செடிப் புதர் அருகே ஹேமந்த் சட்டென்று மண்டியிட்டார்.

"இங்க பாருங்க, ஈரம்! அடிமணல்ல ஓடற தண்ணியில போகுதோ?"

"சார், அது லாரி கழுவின தண்ணி."

பாலத்துக்கு அடியில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவர் இவர்களைப் பார்த்துக் கையாட்டினார். ஹேமந்த் அந்த ஈரத்தையும் படம் எடுத்துக்கொண்டார். "எதையும் முன்கூட்டியே ஒதுக்கிடக் கூடாது" என்றார்.

ஏரிக்கரையில் பந்தல் போட்டிருந்தார்கள். கன்னியப்பன் வெள்ளைச் சட்டையில், கல்யாண வீட்டுப் பெண்ணின் அப்பா மாதிரி பரபரத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒரு ரகசியச் சந்தோஷம் தெரிந்தது. பெர்சிஸைப் பார்த்து, கவலைப்படாதீர்கள் என்பது போலக் கண்ணைச் சிமிட்டினார்.

வலை இறங்கியது. ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். வலையின் வயிறு கரைக்கு வந்தபோது தண்ணீர் கொதித்தது. வெள்ளியாகத் துள்ள வேண்டிய மீன் சிவப்பாகத் துள்ளியது.

எல்லா மீனுக்கும் வில்லை. கட்லாவுக்கு வில்லை, ரோகுவுக்கு வில்லை, பெர்சிஸ் தொட்டே பார்க்காத உள்ளங்கை அளவு ஜிலேபிக் கெண்டைக்கும் வில்லை. ஒரு மிர்கலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒரு நண்டு இரண்டு கொடுக்கிலும் ஒவ்வொன்றை மாட்டிக்கொண்டு, விசேஷத்துக்கு வந்த அத்தை மாதிரி பக்கவாட்டில் நடந்து போனது. ஒரு தவளைக்கு இடுப்பில் கட்டியிருந்தார்கள். பழைய செருப்பு ஒன்றும் வலையில் வந்தது. அதற்குக்கூட யாரோ விட்டுவைக்காமல் மாட்டியிருந்தார்கள்.

கூட்டம் கைதட்டியது. ஹேமந்த் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். போனில் கணக்குப் போட்டார். அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"மிஸ் பெர்சிஸ், பிடிச்சதுல எல்லாத்துக்கும் அடையாளம் இருக்கு. அப்படின்னா அடையாளம் இல்லாத மீனே ஏரியில இல்ல. நீங்க விட்ட இருநூறுதான் இந்த ஏரியோட மொத்த மீன்."

"சார்..."

"ஆனா இங்க ஆயிரத்துக்கு மேல கிடக்கு. அப்ப கணக்குப்படி..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்குப்படி இந்த ஏரியில இருக்கற மீன், இல்லாத அளவுக்கும் கீழ போய்டுச்சு. உடனே தடை போடணும். ரெண்டு வருஷத்துக்கு யாரும் வலையத் தொடக் கூடாது."

"இன்னா சார் சொல்றீங்க!" என்று கன்னியப்பன் முன்னால் பாய்ந்தார். "நூத்துக்கு நூறு மார்க்கு சார்! ஒண்ணுகூட உடல! நாலு நாளா ஊரே தண்ணியில நின்னு குத்தியிருக்குது! நூத்துக்கு நூறு வாங்கினவனை ஃபெயிலுன்றீங்களே!"

பெர்சிஸுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது.

"தலைவரே, நீங்களா கட்டினீங்க?"

"நீங்கதான மேடம் சொன்னீங்க, எவ்ளோ மார்க் வருதுன்னு பார்த்துத்தான் அனுமதின்னு? ஒரு மார்க்குல போனவன் நான். இந்த வாட்டி ரிஸ்க் எடுக்க வாணாம்னு ஆம்பூர்லேருந்து மூட்டையா வாங்கியாந்தேன்."

"அய்யோ! மார்க்னா அடையாளம் தலைவரே! அடையாளம் கம்மியா வந்தாத்தான் மீன் ஜாஸ்தின்னு அர்த்தம். பொரி கடலைய வச்சு அன்னிக்கே சொன்னேனே!"

"அந்தக் கடலைய எனக்கு யாரும் குடுக்கலயே மேடம்." கன்னியப்பன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். "கம்மியா வாங்கினாத்தான் பாஸா? இது இன்னா பரீட்சை, இது?"

ஹேமந்த் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாயைத் திறக்காதீர்கள் என்று சூரியபிரகாஷ் கேட்டுக்கொண்டது பெர்சிஸுக்கு நினைவு இருந்தது. ஆனால் இப்போது வாயை மூடிக்கொண்டால் ஊருக்கு இரண்டு வருஷத் தடை. திறந்தால் தன் வேலை என்னவாகும் என்று தெரியாது. வலைக்குள் மூச்சுக்குத் தவித்த மீன்களைப் பார்த்தாள். முதலில் அவற்றை ஏரிக்குள் விடச் சொன்னாள். அப்புறம் ஹேமந்தின் பக்கம் திரும்பி, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். வில்லையை ஆம்பூரில் செய்தது, பர்ஸு, போலி, வஞ்சிரம், கோழி, "தகவல் வந்த ஊர்" "மீன் சென்ற ஊர்" ஆனது, எல்லாம்.

"வலசை எதுவும் இல்ல சார். சில மீன் பையில போச்சு. மீதி போகவே இல்ல. நான் முன்னாடியே அழுத்திச் சொல்லியிருக்கணும்."

ஹேமந்த் கரையில் உட்கார்ந்துவிட்டார். "ஜப்பான்ல ஒரு மாநாட்டுக்கு எழுதி அனுப்பிட்டேன்" என்றார். "தண்ணியில்லாத ஆத்துல நீந்தற மீன்னு தலைப்பு. உடனே ஒத்துக்கிட்டாங்க."

சௌந்தரம் ஒரு தட்டில் சுடச்சுட ஜிலேபி மீன் வறுவலைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "மொதல்ல சாப்புடு சார். வயிறு காலியா இருந்தா எல்லாம் பெருசாத் தெரியும்." அவர் மறுத்தார், முதல் துண்டை மரியாதைக்காக எடுத்தார், இரண்டாவதை எடுக்கும்போது மறுக்கவில்லை. தட்டு காலியானபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெல்ல, அப்புறம் தோள் குலுங்க, கண்ணாடி கீழே விழுகிற அளவுக்கு.

"லாரி கழுவின தண்ணியப் போய்ப் படம் எடுத்தேனே!" என்றார். பெர்சிஸும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். தவளைக்கு இடுப்புப் பட்டை கட்டியது யார் என்று கேட்டு ஊரே சிரித்தது. கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னும் ரிசல்ட் வரவில்லையே.

கணக்கை முதலிலிருந்து தொடங்கலாம் என்று ஹேமந்தே சொன்னார். இந்த முறை வில்லை கிடையாது, பர்ஸ் கிடையாது, அறிவிப்பும் கிடையாது. பிடித்த மீனின் துடுப்பு ஓரத்தில் கத்தரியால் நகம் வெட்டுகிற அளவுக்கு ஒரு சின்ன வெட்டு. எந்தத் துடுப்பு, எந்தப் பக்கம் என்பது அவர், பெர்சிஸ் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு முன்னால் ஊரார் கட்டிய வில்லைகளை ஊராரே அவிழ்க்க வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. கட்டியதைக் காட்டிலும் அவிழ்ப்பது சிரமம். கட்டும்போது மீன் ஒருமுறை ஏமாந்திருந்தது. இரண்டாவது முறை ஏமாற மறுத்தது. கன்னியப்பன் தண்ணீருக்குள் விழுந்து விழுந்து எழுந்தார். தன்சீல் அகமதும் ஆம்பூரிலிருந்து வந்து, அவிழ்த்த வில்லைகளைக் கிளறிப் பார்த்து, நல்ல தையல் போட்டவனைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். ஒவைஸ் என்கிற அந்த ஆள் மறுநாளிலிருந்து அவருடைய யூனிட்டில் வேலைக்கு வந்தான்.

துடுப்பு வெட்டி விட்ட மீன் கலப்பதற்குத் தக்க அவகாசம் கொடுத்து மறுபடி வலை போட்டார்கள். ஹேமந்தும் பெர்சிஸும் சாக்கு மேல் குனிந்து ஒவ்வொரு துடுப்பாகப் பார்த்தார்கள். கன்னியப்பன் கரைக்கே வரவில்லை; ஏரியம்மன் கோயிலில் உட்கார்ந்திருந்தார். பெர்சிஸ் அங்கே போய்ச் சொன்னாள்.

"தலைவரே, நூத்துக்கு மூணு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பாஸா ஃபெயிலா, அத மட்டும் சொல்லுங்க மேடம்."

"பாஸ் தலைவரே. ஏரி நெறைய மீன்."

மூன்று மார்க் வாங்கித் தேறிய ஒரே ஆள் ஜில்லாவில் தான்தான் என்று கன்னியப்பன் அன்றைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் அனுமதியோடு நிபந்தனைகளும் வந்தபோது முகம் சுருங்கியது. சின்னக் கண் வலை கூடாது. பெரிய கண் வலைதான், குட்டி மீன் நழுவிப் போக வேண்டும். விரால் குஞ்சு பொரிக்கிற வடக்கு மூலையில் யாரும் வலை போடக் கூடாது. "சின்னது எல்லாம் ஓடிப்போய்டுமே மேடம்!" என்று அவர் புலம்ப, சௌந்தரம் இடைமறித்தாள். "ஓடட்டும். அடுத்த வருசம் பெருசாகி வரும். விரல் நீட்டு மீன வெச்சுக்கினு கரையில நான் வாங்கற ஏச்சு உனக்குத் தெரியுமா?" வீட்டில் இருந்த சின்னக் கண் வலையை அவள் அன்றைக்கே பாகல் பந்தலுக்குப் போட்டுவிட்டாள். ஆய்வாளரின் உத்தரவுக்கு அதற்குமேல் காவல் வேண்டியிருக்கவில்லை.

அறுவடை நாளன்று கரையில் எள் விழ இடமில்லாத கூட்டம். கட்லா ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம் இருந்தது. கலவையிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வண்டி போட்டு வந்திருந்தார்கள். வலை இழுப்பதை மேற்பார்வை பார்க்க வந்த பெர்சிஸைக் கூட்டம் தள்ளித் தள்ளி, சௌந்தரத்தின் தராசுக்குப் பின்னால் கொண்டுவந்து விட்டது. அந்நேரம் பார்த்து ஒரு ரோகு சௌந்தரத்தின் கட்டைவிரலில் முள்ளை ஏற்ற, அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு, "யம்மா, செத்த புடி" என்று தராசைப் பெர்சிஸின் கையில் கொடுத்துவிட்டு மஞ்சள் தேடிப் போய்விட்டாள்.

பெர்சிஸ் அடையாள அட்டை கழுத்தில் தொங்க, தராசோடு நின்றாள். எதிரில் ஒரு அம்மாள் கட்லாவின் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாம்மா, நேத்து மீனா இது?"

பெர்சிஸுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நேத்து மீனா? கண்ணப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்குது! செவுளத் தூக்கிப் பாரு, ரத்தம் சொட்டுது! இதப் போய் நேத்து மீனுன்றியே, உனக்கு மனசாட்சி இருக்குதா? வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா தள்ளு, பின்னால நிக்கறவங்க வரட்டும்!"

வலையை இழுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் பையை விரித்தாள்.

"ரெண்டு போடும்மா" என்றாள். "வெட்டிக் குடுப்பியா?"